தலக்குளத்துத் தளவாய் வேலுத்தம்பி

தலக்குளத்தில் பிறந்தார். திருவிதாங்கூரை ஆட்டிப் படைத்தார். வெள்ளைக்காரரை நம்பினார். பிறகு அவர்களையே எதிர்த்தார். கடைசியில் ஒரு கோவிலுக்குள் உயிரை விட்டார். அவர்தான் தளவாய் வேலுத்தம்பி.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியலுக்குப் பக்கத்தில் தலக்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1765-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி அந்த ஊரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் குஞ்சுமாயிட்டிப் பிள்ளை. தாயார் வள்ளியம்மைப் பிள்ளைத் தங்கச்சி. குழந்தைக்கு வேலாயுதன் என்று பெயர் வைத்தார்கள். செண்பகராமன் என்பது மன்னர் கொடுக்கும் பெரிய பட்டம். அந்தப் பட்டம் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. ஆகவே முழுப் பெயர் வேலாயுதன் செண்பகராமன் தம்பி. மக்கள் அழைத்த பெயர் வேலுத்தம்பி.

அந்தக் காலத்தில் இந்த வட்டாரம் முழுவதும் திருவிதாங்கூர் மன்னரின் நாடு. பத்மநாபபுரம் தலைநகராக இருந்தது. அரண்மனையும் கோட்டையும் தலக்குளத்தில் இருந்து நடந்து போகும் தூரம்தான். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுக்காரர் டிலனாய், திருவிதாங்கூரின் படைத்தலைவர் ஆகி அங்கேதான் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். டிலனாய் 1777-ல் இறந்தபோது வேலுத்தம்பிக்கு 12 வயது. படையையும் பீரங்கியையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர்.

தளவாய் என்றால் என்ன?

தளம் என்றால் படை. தளவாய் என்றால் படைத்தலைவர். மதுரை நாயக்க மன்னர்களிடம் அரியநாத முதலியார் தளவாயாக இருந்தார். மதுரை மீனாட்சி அம்மன் கோவில் ஆயிரங்கால் மண்டபத்தின் வாசலில், குதிரைமேல் அவர் அமர்ந்திருக்கும் சிலையை இன்றும் பார்க்கலாம். போருக்குப் போவதும் அவர் வேலை. நாட்டு நிர்வாகமும் அவர் வேலை.

திருவிதாங்கூரிலும் அப்படித்தான். தளவாய் என்பவர் மன்னருக்கு அடுத்தவர். ஒரு கையில் படை. இன்னொரு கையில் கஜானா. பிற்காலத்தில் திவான் என்ற பெயர் வந்தது. ஆனாலும் வேலுத்தம்பிக்குத் தளவாய் என்ற பழைய பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பெயருக்கு ஏற்றபடி அவர் அரசியலும் நடத்தினார், வாளும் எடுத்தார்.

சிறுவன் கையில் சிம்மாசனம்

வேலுத்தம்பி இளம் வயதிலேயே அரசு உத்தியோகத்தில் சேர்ந்தார். மாவேலிக்கரையில் காரியக்காரர் ஆனார். காரியக்காரர் என்றால் இந்தக் காலத்துத் தாசில்தார் மாதிரி.

1798-ல் தர்மராஜா என்று பெயர் பெற்ற மன்னர் காலமானார். பாலராமவர்மா பட்டத்துக்கு வந்தார். அவருக்கு வயது 16. சுற்றி இருந்தவர்கள் சொன்னதே சட்டம் ஆயிற்று. ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி என்பவர் பெரிய அதிகாரி ஆனார். சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் என்ற இருவரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

கஜானாவில் பணம் இல்லை. மூவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வசதி உள்ளவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டார்கள். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் ஒரு தொகையை எழுதினார்கள். அழைத்து, அந்தப் பணத்தைக் கட்டு என்றார்கள். கட்டாதவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. இது போதாது என்று உப்புக்கும் வரி ஏறியது. கடற்கரை நெடுக உப்பு விளையும் நாடு இது. இங்கேயே ஏழையின் கஞ்சிக்கு உப்பு எட்டாத பொருள் ஆயிற்று.

வேலுத்தம்பிக்கும் அழைப்பு வந்தது. அவர் பெயருக்கு நேராகவும் பெருந்தொகை எழுதி இருந்தது. அவர் மறுக்கவில்லை. மூன்று நாள் தவணை கேட்டார். கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பினார்.

பணத்துக்குப் பதில் படை

திரும்பி வந்தபோது அவர் கையில் பணம் இல்லை. பின்னால் ஒரு பெரிய கூட்டம் இருந்தது. நாஞ்சில் நாட்டு விவசாயிகளும் ஊர்ப் பெரியவர்களும் ஆயுதங்களோடு திருவனந்தபுரத்துக்கு நடந்தார்கள். கோட்டைக்கு வெளியே முகாம் போட்டார்கள். இது நடந்தது 1799-ல்.

கூட்டத்தின் கோரிக்கைகள் தெளிவாக இருந்தன. மூவரையும் பதவியில் இருந்து நீக்க வேண்டும். உப்பு வரியை எடுக்க வேண்டும். இளம் மன்னர் பயந்துபோனார். எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். செட்டியும் தரகனும் எல்லார் முன்னிலையிலும் சவுக்கடி பட்டார்கள். அவர்கள் காதுகளும் அறுபட்டன. சிறையிலும் போட்டார்கள்.

மக்கள் ஆரவாரம் செய்தார்கள். ஒரு காரியக்காரர் ஒரே நாளில் நாட்டின் தலைவர் ஆகிவிட்டார். மேலே ஏறிப் போக அவருக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. 1802-ல் தளவாய் நாற்காலியில் இருந்தவர் வேலுத்தம்பி.

இரும்புக் கை

வேலுத்தம்பி ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆட்சி செய்யவில்லை. ஊர் ஊராகப் போனார். போன இடத்திலேயே வழக்குகளைக் கேட்டார். அப்போதே தீர்ப்பு. அப்போதே தண்டனை. பாக்கி நின்ற வரியை வசூல் செய்தார். நிலத்தை அளந்து கணக்கு எழுத ஏற்பாடு செய்தார். லஞ்சம் வாங்கும் அதிகாரிகள் அவர் பெயரைக் கேட்டாலே நடுங்கினார்கள்.

ஆனால் அந்தத் தண்டனைகள் மிகவும் கொடியவை. சிறு குற்றத்துக்கும் சவுக்கடி. பெரிய குற்றத்துக்குக் காதும் மூக்கும் போய்விடும். மரத்தில் வைத்து ஆணி அடித்ததும் உண்டு.

இதுபற்றி வழிவழியாக ஒரு கதை சொல்கிறார்கள். தளவாயின் தாயாருக்கு லாபம் வரும்படி ஒரு கணக்கர் நிலக் கணக்கைத் திருத்தி எழுதிவிட்டாராம். தளவாய் வீட்டுக்குச் செய்யும் உதவி என்று நினைத்தாராம். விஷயம் தளவாய்க்குத் தெரிந்தது. கணக்கு எழுதிய அந்த விரல்களையே வெட்டச் சொன்னாராம். நடந்ததோ, கட்டிச் சொன்னதோ, தளவாயை மக்கள் எப்படி நினைத்தார்கள் என்பதை இந்தக் கதை காட்டுகிறது. மதித்தார்கள். அதே அளவு பயந்தார்கள்.

முதல் தவறு

ஆட்சிக்குப் பணம் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பணம் கட்ட வேண்டும். 1795-ல் செய்த ஒப்பந்தப்படி, நாட்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கம்பெனி ஒரு படையை வைத்திருந்தது. அந்தப் படையின் செலவு திருவிதாங்கூர் தலையில் விழுந்தது.

செலவைக் குறைக்க வேலுத்தம்பி ஒரு வழி கண்டார். திருவிதாங்கூரின் சொந்த நாயர் படை வீரர்களுக்குக் கொடுத்து வந்த படியில் கை வைத்தார். வீரர்கள் கொதித்தார்கள். 1804-ல் ஆயிரக்கணக்கில் திரண்டு திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டார்கள். தளவாயை நீக்க வேண்டும், கம்பெனியோடு உறவை முறிக்க வேண்டும் என்றார்கள்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் வேலுத்தம்பி கூட்டத்தோடு வந்து மன்னரிடம் கேட்டார். இப்போது இன்னொரு கூட்டம் வந்து அவரையே நீக்கக் கேட்டது. வேலுத்தம்பி கொச்சிக்குத் தப்பி ஓடினார். அங்கே கம்பெனியின் பிரதிநிதி கர்னல் மெக்காலே இருந்தார். ரெசிடெண்ட் என்பது அவர் பதவியின் பெயர். வேலுத்தம்பி அவரிடம் உதவி கேட்டார். கம்பெனிப் படையின் பலத்தோடு கலகம் அடக்கப்பட்டது. கலகத் தலைவர்களுக்கு மரண தண்டனை கிடைத்தது. கிருஷ்ணபிள்ளை என்ற தலைவரின் கால்களை இரண்டு யானைகளில் கட்டி, எதிர் எதிர்த் திசையில் விரட்டிக் கொன்றார்கள்.

வேலுத்தம்பி வென்றுவிட்டார். ஆனால் சொந்த நாட்டுப் படையை அந்நியன் படையைக் கொண்டு அடக்கிவிட்டார். அதற்கு விலை கொடுக்க வேண்டிய நாள் உடனே வந்தது.

8 லட்சம் ரூபாய்

1805-ம் ஆண்டு ஜனவரி மாதம் புது ஒப்பந்தம் ஆயிற்று. கம்பெனி இன்னும் அதிகமான படையை வைக்கும். அதற்காகத் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நிர்வாகத்தில் கம்பெனி தலையிடலாம். மன்னர் எதிலும் கம்பெனியின் யோசனையைக் கேட்டு நடக்க வேண்டும்.

மன்னருக்கு இது பிடிக்கவில்லை. நாட்டில் பலருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் தளவாய் உடன்பட்டார். மெக்காலே தமக்கு நண்பர், பிறகு தொகையைக் குறைத்துக்கொள்வார் என்று நம்பினார்.

மெக்காலே குறைக்கவில்லை. பணம் எங்கே என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். நாடு முழுவதும் தேடினாலும் ஆண்டுக்கு 8 லட்சம் எளிதில் கிடைப்பதாக இல்லை. பாக்கி ஏறியது. கடைசியில், தளவாயையே பதவியில் இருந்து நீக்க வேண்டும் என்று மெக்காலே மன்னரை வற்புறுத்தினார்.

அப்போதுதான் வேலுத்தம்பிக்குக் கண் திறந்தது. மூன்று பேருக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று புறப்பட்டவர் அவர். இப்போது அவரே நாடு முழுவதையும் ஒரு கம்பெனிக்குக் கப்பம் கட்ட வைத்துவிட்டார்.

போல்காட்டி இரவு

வேலுத்தம்பி வெளியே பணிவாக நடந்துகொண்டார். உள்ளே ஆட்களைத் திரட்டினார். கோட்டைகளைப் பலப்படுத்தினார். பிரெஞ்சுக்காரருக்கும் கோழிக்கோட்டு சாமூதிரிக்கும் உதவி கேட்டு ஆள் அனுப்பினார். உதவி வரவில்லை. ஆனால் பக்கத்து நாடான கொச்சியில் ஒருவர் கை கொடுத்தார். அவர் கொச்சியின் மந்திரி பாலியத்து அச்சன். அவருக்கும் மெக்காலேமீது கோபம் இருந்தது.

பதவியை விட்டு விலகிக் கோழிக்கோட்டுக்குப் போய்விடுகிறேன் என்று வேலுத்தம்பி சொல்லி அனுப்பினார். மெக்காலே மகிழ்ந்துபோனார். பயணத்துக்கு ஏற்பாடும் செய்தார்.

1808-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ந் தேதி நள்ளிரவு. கொச்சிக் காயலில் போல்காட்டித் தீவு. அங்கே டச்சுக்காரர் கட்டிய மாளிகையில் மெக்காலே தூங்கிக்கொண்டிருந்தார். திடீர் என்று துப்பாக்கிச் சத்தம் கேட்டது. படகுகளில் வந்த வீரர்கள் மாளிகையைச் சூழ்ந்துகொண்டார்கள். அறை அறையாகத் தேடினார்கள். மெக்காலே ஒளிந்துகொண்டார். பிறகு எப்படியோ படகு ஏறி, ஒரு கம்பெனிக் கப்பலுக்குப் போய் உயிர் தப்பினார். அவர் தப்பியதும் போரின் பாதி முடிந்துவிட்டது.

அந்த நாட்களில் இன்னொரு கொடுமையும் நடந்தது. கம்பெனியைச் சேர்ந்த சுமார் 30 வெள்ளைக்காரச் சிப்பாய்கள் புறக்காட்டில் பிடிபட்டார்கள். அவர்களைக் கொன்றுவிட்டார்கள். போர்க்களத்தில் அல்ல, கைதிகளாக இருந்தபோது. வேலுத்தம்பியைப் புகழ்பவர்களும் இதைச் சரி என்று சொல்ல முடியாது. கம்பெனியின் கோபம் பல மடங்கு ஆயிற்று.

குண்டறை விளம்பரம்

1809-ம் ஆண்டு ஜனவரி மாதம் 11-ந் தேதி, கொல்லத்துக்கு அருகே உள்ள குண்டறையில் வேலுத்தம்பி ஓர் அறிக்கை வெளியிட்டார். விளம்பரம் என்று அதற்குப் பெயர். கம்பெனி நட்பு என்று சொல்லி நுழைந்து நாட்டையே விழுங்கப் பார்க்கிறது என்று அதில் விளக்கினார். உப்பு முதல் கோவில் வரை எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும் என்று எச்சரித்தார். எல்லாரும் சேர்ந்து எதிர்த்து நிற்க வேண்டும் என்று அழைத்தார். 1857-ல் வடநாட்டில் சிப்பாய்க் கலகம் நடப்பதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்னால் தென்கோடியில் எழுந்த குரல் இது.

ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தார்கள். ஆனால் பயிற்சி பெற்ற படை எங்கே? 1804-ல் அதை ஒடுக்கியவரே அவர்தானே! ஜனவரி 15-ந் தேதி கொல்லத்தில் போர் நடந்தது. கம்பெனி பீரங்கிகளுக்கு முன்னால் கூட்டம் நிற்க முடியவில்லை.

ஆரல்வாய்மொழி விழுந்தது

கிழக்கே இருந்து இன்னொரு கம்பெனிப் படை வந்தது. அதன் தலைவர் கர்னல் செயின்ட் லெஜர். திருநெல்வேலிச் சீமையில் இருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழைய ஒரே பெரிய வழி ஆரல்வாய்மொழிக் கணவாய். இரண்டு பக்கமும் மலை. நடுவே கோட்டைச் சுவர். சுவர்மேல் பீரங்கிகள். நேராக வந்தால் நுழைய முடியாது.

கம்பெனிப் படை நேராக வரவில்லை. மேஜர் வெல்ஷ் என்ற அதிகாரி ஒரு கூட்டத்தோடு இரவில் தெற்கு மலையில் ஏறினார். பாறையும் முள்ளும் நிறைந்த மலை. மேலே போய், காவல் இருந்தவர்கள் எதிர்பாராத பக்கத்தில் இருந்து தாக்கினார்கள். 1809-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி ஆரல்வாய்மொழி விழுந்தது.

பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. கோட்டாறும் நாகர்கோவிலும் கம்பெனி வசம் ஆயின. அந்த மாதத்திலேயே உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரம் கோட்டையும் சண்டை இல்லாமல் திறந்தன. வேலுத்தம்பி பிறந்த மண் முழுவதும் எதிரியின் கையில்.

மன்னர் என்ன செய்வார்? நடந்ததற்கும் தமக்கும் சம்பந்தம் இல்லை என்றார். வேறு தளவாயை நியமித்தார். வேலுத்தம்பியைப் பிடித்துக் கொடுப்பவருக்குப் பரிசு என்று பறை அறைந்தார்கள்.

மண்ணடிக் கோவில்

வேலுத்தம்பி வடக்கே ஓடினார். வழியில் கிளிமானூர் அரண்மனையில் தங்கினார். தம்முடைய வாளை அங்கே கொடுத்துவிட்டுப் போனார். கூட இருந்தவர் தம்பி பத்மநாபன் தம்பி. இருவரும் அடூருக்கு அருகே மண்ணடி என்ற ஊரை அடைந்தார்கள். அங்கே உள்ள பகவதி கோவிலுக்குள் புகுந்தார்கள்.

தேடி வந்தவர்கள் கோவிலைச் சூழ்ந்தார்கள். உயிரோடு பிடிபடக்கூடாது என்று வேலுத்தம்பி முடிவு செய்தார். தம்மைக் கொன்றுவிடும்படி தம்பியிடம் கேட்டார். தம்பிக்குக் கை வரவில்லை. வேலுத்தம்பி தாமே கத்தியால் குத்திக்கொண்டார். உயிர் போகவில்லை. அண்ணன் படும் வேதனையைப் பார்த்த பிறகுதான் தம்பி வாளை எடுத்தார். அப்போது வேலுத்தம்பிக்கு 44 வயதுகூட நிறையவில்லை.

செத்த பிறகும் விடவில்லை. உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். செத்த உடலை இப்படி அவமானம் செய்ததைக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே கண்டித்தார். தம்பி பத்மநாபனைக் கொல்லத்தில் தூக்கில் போட்டார்கள். தலக்குளத்து வீட்டை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். வீடு இருந்த இடத்தில் வாழையும் ஆமணக்கும் நட்டார்கள். உறவினர்களை நாடு கடத்தினார்கள்.

1810-ல் பாலராமவர்மா காலமானார். மறு ஆண்டே கர்னல் மன்றோ என்ற வெள்ளைக்காரத் தளபதி திருவிதாங்கூரின் திவானாக உட்கார்ந்தார். ரெசிடெண்டும் அவர்தான். திவானும் அவர்தான். நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விடும் என்று குண்டறையில் வேலுத்தம்பி சொன்னார். அது இரண்டே ஆண்டில் பலித்தது.

வாள் திரும்பி வந்தது

கிளிமானூரில் விட்டுச் சென்ற வாளை அந்த அரண்மனையார் சுமார் 150 ஆண்டு பத்திரமாக வைத்திருந்தார்கள். 1957-ல் அதை ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத்திடம் கொடுத்தார்கள். டெல்லி அருங்காட்சியகத்தில் இருந்த வாள் 2010-ல் திருவனந்தபுரத்துக்குத் திரும்பி வந்தது. அதே ஆண்டு மத்திய அரசு வேலுத்தம்பிக்குத் தபால் தலை வெளியிட்டது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் அவர் சிலை நிற்கிறது. இறந்த மண்ணடி கேரளத்தில் இருக்கிறது. பிறந்த தலக்குளம், 1956-ல் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தபோது, தமிழ்நாட்டுக்கு வந்தது. இரண்டு மாநிலமும் அவரைச் சொந்தம் கொண்டாடுகின்றன.

வேலுத்தம்பி குற்றம் இல்லாத மனிதர் அல்ல. கை கடுமை. கோபம் அதிகம். சொந்த வீரர்களை அடக்க அந்நியனை வீட்டுக்குள் அழைத்தார். அந்த ஒரு தவறுக்கு நாடு நெடுங்காலம் விலை கொடுத்தது. ஆனால் தவறு என்று தெரிந்ததும் அவர் அதை மறைக்கவில்லை. பதவியைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்கிப் போகவும் இல்லை. தாம் கட்டிய முடிச்சைத் தாமே அவிழ்க்கப் போனார். முடியவில்லை. உயிரைக் கொடுத்தார்.

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது, தெற்குப் பக்கத்து மலையை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். அங்கேதான் ஓர் இரவில் திருவிதாங்கூரின் வாசல் திறந்தது.